பழங்கால காரின் முன்னச்சில் வேறு சக்கரங்களையும் ஹப்புகளையும் பொருத்துவது எப்படி

பழைய கார் ஒன்றின் முன்சக்கரங்களை மாற்ற முற்படுபவர்களில் பெரும்பாலோர் சக்கரத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு அதற்கேற்ற ஹப்பை, அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் மையப் பகுதியை, தேடுகிறார்கள். அந்த ஹப்பு ஏறி உட்கார வேண்டிய ஸ்பிண்டில் என்னும் தண்டைக் கடைசியில்தான் கழற்றிப் பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. காரின் முன்பாரத்தைத் தாங்கி நிற்பது விரற்கடை கனமுள்ள அந்த இரண்டு எஃகுத் தண்டுகள்தான். அவை எந்த நிலையில் இருக்கின்றன, எந்த அளவில் இருக்கின்றன, எவ்வளவு பாரத்துக்காக வடிக்கப்பட்டவை என்பதை அறிந்த பிறகே ஹப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹப்பு முடிவான பிறகே சக்கரத்தைத் தேட வேண்டும்.

மாற்றம் தேவைப்படுவதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. மர ஆரக்கால்கள் காய்ந்து சுருங்கி, ஹப்பின் தட்டுகளுக்கு இடையே ஆடத் தொடங்கியிருக்கலாம். கிண்ணமும் கூம்புமாக அமைந்த பழைய குண்டு பேரிங்குகள் குழி விழுந்து, மாற்றுக் கிடைக்காமல் போயிருக்கலாம். முன்சக்கரத்தில் பிரேக்கே இல்லாத காருக்குப் பிரேக் வைக்க வேண்டியிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: காரோடு பிறந்த பாகம் எதையும் வெட்டுவதில்லை, துளைப்பதில்லை, அதன் மேல் வெல்டிங் வைப்பதில்லை. புதிதாகச் செய்யும் பாகம் பழையதற்கு இணங்கிப் போகட்டும். நாளை யாரேனும் அந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், நாம் சேர்த்ததைக் கழற்றினாலே போதும் என்றிருக்க வேண்டும்.

ஸ்பிண்டிலின் உடல்நலம்

முன்பகுதியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிய பின், ஸ்பிண்டிலை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெறும் உலோகம் தெரியும்படி செய்து கொள்ளுங்கள். கழற்றும்போதே ஓர் எச்சரிக்கை: பழைய கார்கள் பலவற்றில் இடப்பக்க ஸ்பிண்டிலில் இடமரை (வலப்புறம் திருப்பினால் கழலும் மரை) வெட்டப்பட்டிருக்கும். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் அப்படித்தான். நட்டு நகரவில்லை என்று நீண்ட குழாயை மாட்டி இழுப்பதற்கு முன், மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து கொள்வது நல்லது. தவறான திசையில் இழுத்துச் சிதைத்த மரையை மீட்பது எளிதன்று.

சுத்தம் செய்த ஸ்பிண்டிலில் முதலில் பார்க்க வேண்டியது, அது முட்டியோடு (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்பும் பாகம்) சேரும் அடிப்பகுதி. தண்டின் வளைவுப் பாரம் முழுவதும் அங்கேதான் குவிகிறது. விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டுவதற்குக் காந்தத் துகள் சோதனை இருக்கிறது. தண்டைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசல் உள்ள இடத்தில் துகள்கள் மெல்லிய கோடாகச் சேர்ந்து நிற்கும். அந்த வசதி கிடைக்காத நிலையில் ஊடுருவும் சாயச் சோதனையாவது செய்ய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த ஸ்பிண்டிலின் கதை முடிந்தது. அதைத் தேய்த்துச் சரி செய்யலாம், வெல்டிங் வைத்து மூடலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பழுக்கக் காய்ச்சி அடித்து, வெப்பப் பதம் செய்த எஃகின் மேல் வெல்டிங் சூடு பட்டால், பட்ட இடத்தை ஒட்டியே அதன் பதம் கெட்டுவிடும். புதிய முறிவு அந்த எல்லையில் தொடங்கும்.

அடுத்தது கிங்பின், அதாவது முட்டி திரும்புவதற்கு அச்சாக நிற்கும் ஆணி. சக்கரத்தின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தெரியும் ஆட்டம் பேரிங்கிலிருந்து வருகிறதா, கிங்பின் புஷ்களிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். சக்கரம் ஆடும்போது முட்டியும் சேர்ந்து ஆடினால் குற்றம் கிங்பின்னில் இருக்கிறது. தேய்ந்த கிங்பின்னின் மேல் புது ஹப்பைப் பொருத்திவிட்டு, கார் அலைகிறதே என்று சக்கரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

அளவெடுத்தல்

ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனித்தனியாக ஒரு தாளில் படம் வரைந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று ஒருபோதும் எண்ணிக்கொள்ளக் கூடாது; நூறு ஆண்டு ஓடிய காரில் ஒரு பக்கம் எப்போதோ மாற்றப்பட்டிருக்கக் கூடும். உள் பேரிங் அமரும் இடத்தின் விட்டம், வெளி பேரிங் அமரும் இடத்தின் விட்டம், உள் பேரிங் முட்டி நிற்கும் படியிலிருந்து வெளி பேரிங் இருக்கைக்கும் மரைத் தொடக்கத்துக்கும் உள்ள தூரங்கள், மரையின் விட்டமும் நெருக்கமும் திசையும், வாஷரின் நாக்கு நுழையும் காடியின் அகலம், காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் ஊசி) துளையின் இடம் ஆகிய அனைத்தும் வேண்டும். நீளங்களுக்கு வெர்னியர் போதும். பேரிங் இருக்கைகளுக்கு மைக்ரோமீட்டர் தவிர வேறெதுவும் உதவாது.

பேரிங் இருக்கையை மேல்கீழாக ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் அளக்க வேண்டும். ஸ்பிண்டில் சுழல்வதில்லை, எடை எப்போதும் அதன் அடிப்புறத்திலேயே அமர்கிறது. பேரிங்கின் உள்வளையம் தண்டின் மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருப்பதால், தேய்மானமும் அடிப்புறத்தில்தான் விழும். மேல்கீழ் அளவு பக்க அளவைவிடக் குறைந்திருந்தால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடும். படியைத் தொட்டாற்போல் தேயாத விளிம்பு ஒன்று மெல்லிய வளையமாக எஞ்சியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த விட்டத்தை அங்கே அளந்து கொள்ளலாம்.

இத்தனை அளவுகளுக்கும் அப்பால், பலர் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிடும் அளவு ஒன்று உண்டு. அதுதான் படிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள மூலையின் வளைவு. அந்த மூலை நேர்கோணமாக வெட்டப்பட்டிருக்காது. சிறு குழிவாக வளைந்து இறங்கும். அழுத்தம் ஒரே கோட்டில் குவியாமல் பரவுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ரேடியஸ் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, வெளிச்சம் ஊடுருவாமல் ஒட்டி அமர்வது எது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் விட்டம், நீளம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திய பேரிங் ஒன்றை ஏற்றினேன். கையால் தள்ளியதும் வழுக்கிச் சென்று நின்றது. படியில் முட்டிவிட்டது என்றே எண்ணினேன். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தது. நட்டை இறுக்கினேன், மீண்டும் ஆட்டம். கழற்றிப் பார்த்தபோது, படியின் முகத்தில் பேரிங் பட்ட தடமே இல்லை. அதற்குச் சற்று முன்னால், மூலை வளைவின் மேல், தலைமுடி அகலத்தில் பளபளவென்று ஒரு கோடு தண்டைச் சுற்றி ஓடியிருந்தது. புதிய பேரிங்கின் உள்விளிம்பு வளைவு சிறியதாக இருந்ததால், அது படியைத் தொடாமல் வளைவின் மேலேறி நின்றிருக்கிறது. ஓட ஓட அந்த வளைவை அரித்துக்கொண்டு உள்ளே போக, ஒவ்வொரு முறையும் ஆட்டம் தோன்றியிருக்கிறது. எந்த இடத்தில் ஒரு கீறல்கூட விழக் கூடாதோ அந்த இடத்திலேயே வட்டமாகக் கீறல் போட்டிருந்தேன். அந்த ஸ்பிண்டிலை அதன் பிறகு நான் பயன்படுத்தவில்லை.

ஆகவே, பேரிங்கின் விளிம்பு வளைவு ஸ்பிண்டிலின் மூலை வளைவைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உட்புற விளிம்பு போதுமான அளவு சரித்துக் கடைந்த எஃகு வளையம் ஒன்றைப் படிக்கும் பேரிங்குக்கும் இடையே வைக்க வேண்டும். அந்த வளையத்தின் கனத்தை நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது. ஸ்பிண்டிலின் மூலையைக் கடைந்து கூர்மையாக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. சோதிப்பதற்கு எளிய வழி உண்டு: படியின் முகத்தில் பிரஷ்யன் நீலத்தை மெல்லியதாகப் பூசி, பேரிங்கைத் தள்ளி ஒருமுறை திருப்பி எடுத்தால், பேரிங்கின் முகத்தில் முழு வட்டமாக நீலம் ஒட்டியிருக்க வேண்டும்.

ஹப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே நிறுவனத்தின் பிந்தைய ஆண்டுகளின் பாகங்கள் பல வேளைகளில் கைகொடுக்கும். சரிவு உருளை பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898இல். அதன் பின் வந்த ஆண்டுகளில் குண்டு பேரிங்கில் ஓடிய முன்சக்கரங்கள் படிப்படியாக உருளை பேரிங்குக்கு மாறின. அதனால் ஒரே மாடலின் பிந்தைய ஹப்பு, முந்தைய காரின் ஸ்பிண்டிலுக்குச் சிறு மாற்றத்தோடு வந்து அமர்வதுண்டு. அளந்து பார்க்காமல் நம்பிவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

வேறு காரின் ஹப்பை ஏற்றும்போது இணக்கம் காண வேண்டியவை இரண்டு: பேரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குப் பொருந்த வேண்டும், உள்வளையம் ஸ்பிண்டிலுக்குப் பொருந்த வேண்டும். இதற்கு மிகத் தூய்மையான வழி, பேரிங் அட்டவணையிலேயே விடை தேடுவது. அங்குல அளவிலான சரிவு உருளை பேரிங்குகளில் ஒரே வரிசையைச் சேர்ந்த ஒரு வெளிவளையத்துக்குள், வெவ்வேறு உள்விட்டம் கொண்ட பல உள்வளையங்கள் பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். ஹப்பிலுள்ள வெளிவளையத்தின் எண்ணை வைத்து அந்த வரிசையைப் புரட்டினால், நம் ஸ்பிண்டிலின் விட்டத்துக்கு உரிய உள்வளையம் கிடைத்துவிடக் கூடும். எந்தப் பாகத்தையும் தொடாமல் வேலை முடிந்துவிடும். லேத்தை நோக்கி நடப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அட்டவணையோடு செலவிடுவது வீண் போகாது.

அப்படிக் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வழி உறை. ஸ்பிண்டில் சிறியதாகவும் பேரிங் பெரியதாகவும் இருந்தால், தண்டின் மேல் எஃகு உறை ஒன்றைச் சூடேற்றி ஏற்றலாம். 30 மி.மீ. உள்விட்டமுள்ள எஃகு உறையின் வெப்பநிலையை 130 பாகை செல்சியஸ் உயர்த்தினால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.045 மி.மீ. விரியும். உறையைத் தண்டைவிட 0.02 முதல் 0.03 மி.மீ. சிறியதாகக் கடைந்து வைத்திருந்தால், சூட்டில் தடையின்றி ஏறி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஏற்றும்போது தயங்கக் கூடாது. பாதியில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது கடினம். தகடுபோல் மெலிந்த உறை காலப்போக்கில் வெடித்துப் பிளக்கும் என்பதால், கனத்துக்கு இடமில்லாத நிலையில் இந்த வழியை விட்டுவிட்டு, ஸ்பிண்டிலின் அளவுக்கே புதிய ஹப்பைக் கடைந்து செய்துகொள்வது மேல். செலவு கூடும், ஆயினும் என் கணிப்பில் அதுவே நீண்ட நாள் நிம்மதி.

ஹப்புக்குள் பேரிங்கின் வெளிவளையம் இறுக்கமாக அமர வேண்டும், ஏறத்தாழ 0.025 முதல் 0.075 மி.மீ. வரை இறுக்கம் தேவை. ஸ்பிண்டிலின் மேல் உள்வளையம் கையால் தள்ளினால் வழுக்கிச் செல்ல வேண்டும், 0.005 முதல் 0.025 மி.மீ. வரை இடைவெளி போதும். இது ஆட்டம் போடும் அளவுக்குப் போய்விட்டால் வளையம் ஊர்ந்து தண்டைத் தின்னும்.

பாரம் எங்கே விழுகிறது

பார்வைக்குத் தெரியாத இந்த ஒன்றுதான் ஸ்பிண்டிலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சக்கரத்தின் நடுக்கோடு இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே, பெரிய உள் பேரிங்குக்கு அருகில் விழும்படியாகத்தான் பழைய கார்களை அமைத்திருக்கிறார்கள். உள் பேரிங் பெரியதாகவும் வெளி பேரிங் சிறியதாகவும் இருப்பதன் பொருள் அதுவே. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே அடாப்டர் தகட்டை வைத்துச் சக்கரத்தை 25 மி.மீ. வெளியே தள்ளினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

எண்களில் பார்ப்போம். ஒரு முன்சக்கரத்தின் மேல் 250 கிலோ எடை இருப்பதாகவும், சக்கரத்தின் நடுக்கோடு ஸ்பிண்டிலின் அடியிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். அடிப்பகுதியில் விழும் வளைவு விசை 12.5 கிலோகிராம்-மீட்டர். 25 மி.மீ. கனத்தில் ஒரு தகட்டை இடையில் வைத்ததும் அது 18.75 ஆகிறது; ஒன்றரை மடங்கு. ஆனால் கதை இத்துடன் நிற்கவில்லை. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரத்தின் டயர் எடையில் பாதியளவு பக்கவிசையைத் தாங்குகிறது என்று வைத்தால், அந்த 125 கிலோ விசை 0.38 மீட்டர் ஆரமுள்ள உயரமான சக்கரத்தின் அடியில் விழுந்து 47.5 கிலோகிராம்-மீட்டர் வளைவை உண்டாக்குகிறது. அதுவும் எதிர்த்திசையில். நேராக ஓடும்போது எடை ஸ்பிண்டிலின் நுனியை மேல்நோக்கி வளைக்கிறது. திருப்பத்தில் பக்கவிசை அதே நுனியைக் கீழ்நோக்கி வளைக்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதைப் போல, இந்த மாறி மாறி வளைதல்தான் உலோகத்தைக் களைப்படையச் செய்கிறது.

இதிலிருந்து தெளிவாவது என்னவென்றால், சக்கரம் வெளியே தள்ளப்படுவதைவிட, உயரமான சக்கரத்தில் தரையை இறுகப் பற்றும் அகன்ற நவீன டயரை மாட்டுவது ஸ்பிண்டிலுக்கு அதிக ஆபத்து. பழைய ஒடுங்கிய டயர் ஓர் எல்லைக்கு மேல் வழுக்கிவிடும். அந்த வழுக்கலே தண்டைக் காத்து வந்தது. வழுக்காத டயரைப் போட்டுவிட்டு அதே வேகத்தில் திருப்புபவர், அந்த எஃகு ஒருநாளும் சந்தித்திராத விசையை அதன் மேல் ஏற்றுகிறார். ஆகவே பழைய அகலத்தையும் பழைய உயரத்தையும் ஒட்டிய டயரையே நான் பரிந்துரைப்பேன்.

ஹப்பின் மேல் சக்கரம்

போல்ட் வட்டத்தை, அதாவது சக்கரத்தின் போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தை, அளப்பதில் நான்கு துளையும் ஆறு துளையும் எளியவை. எதிரெதிர்த் துளைகளின் மையத் தூரமே வட்டத்தின் விட்டம். ஐந்து துளைக்கு எதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 82.1 மி.மீ. வந்தால் அது 139.7 மி.மீ., அதாவது 5½ அங்குல வட்டம், 67.2 வந்தால் 114.3 மி.மீ., அதாவது 4½ அங்குலம், 70.9 வந்தால் 120.65 மி.மீ., அதாவது 4¾ அங்குலம். கடைசி இரண்டும் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால், ஒன்றின் சக்கரத்தை மற்றதன் ஹப்பில் நீட்டி நிற்கும் ஸ்டட்டுகளில் தள்ளி ஏற்றிவிட முடியும் என்று தோன்றும். ஏற்றினால் நட்டு ஒருபுறமாக அமர்ந்து, ஸ்டட்டை வளைத்து, சில நாளில் ஒடிக்கும்.

ஃபோர்டு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், மாடல் ஏ காரின் கம்பிச் சக்கரம் 1928, 1929 ஆண்டுகளில் 21 அங்குலமாகவும் 1930, 1931 ஆண்டுகளில் 19 அங்குலமாகவும் இருந்தது. 1932இல் 18, அடுத்த இரண்டு ஆண்டுகள் 17, 1935இல் 16 என்று இறங்கியது. இவை அனைத்துக்கும் 5½ அங்குல வட்டமே. 1936 முதல் 1939 வரை 10¼ அங்குல அகன்ற வட்டம் வந்து, 1940இல் மீண்டும் 5½ அங்குலத்துக்குத் திரும்பியது. வட்டம் ஒன்றாக இருப்பதால் சக்கரமும் தானாகப் பொருந்தும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முற்காலக் கம்பிச் சக்கரத்தின் மையத் தகட்டுக்கு ஹப்பின் பக்கம் வளையமாக ஆதரவு தேவை. 1940க்குப் பிந்தைய தட்டையான டிரம்மின் மேல் அதை நேரே மாட்டினால், தாங்கலின்றி நிற்கும் தகடு நட்டை இறுக்க இறுக்க உள்வாங்கி, பிறகு விரிசல் விடும். இடையே உரிய ஆதரவு வளையத்தை வைத்தே மாட்ட வேண்டும்.

நட்டின் முகமும் சக்கரத்தின் துளையும் ஒரே வடிவில் இருப்பது கட்டாயம். கூம்பு முகத்துக்குக் கூம்புத் துளை, உருண்டை முகத்துக்கு உருண்டைத் துளை. மாற்றி மாட்டினால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் தொட்டு, இறுகியதுபோல் போக்குக் காட்டி, ஓட்டத்தில் தளரும். மரை பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அரை அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 20 மரை இருந்தால், கையால் திருகும்போது நட்டு பத்து முழுச் சுற்றாவது போக வேண்டும்.

பழைய ஸ்டட்டை மாற்ற நேர்ந்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். மாடல் ஏ போன்ற கார்களில் ஹப்பையும் டிரம்மையும் சேர்த்துப் பிடிப்பதற்காக ஸ்டட்டின் தோளை விரித்து அடித்திருப்பார்கள். அந்த விரிந்த பகுதியை உரிய வெட்டுக் கருவியால் முதலில் அகற்றிவிட்டுத்தான் பிரஸ்ஸில் வைத்துத் தள்ள வேண்டும். அகற்றாமல் தள்ளினால் விரிந்த உலோகம் துளையைக் கிழித்துப் பெரிதாக்கிவிடும்; அதன் பின் எந்தப் புதிய ஸ்டட்டும் அங்கே நிலைக்காது.

மையத்தில் ஒரே நட்டால் பூட்டும் ரட்ஜ்-விட்வொர்த் வகை நடுநட்டுச் சக்கரங்களில் வேறொரு கவனம் வேண்டும். கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசை எதுவோ, அந்தத் திசையில் திருப்பினால் நட்டு கழல வேண்டும். காரின் இடப்பக்கத்தில் வலமரையும் வலப்பக்கத்தில் இடமரையும் இருந்தால்தான் அது நிகழும். ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பொருத்திவிட்டால், ஓட ஓட இறுக வேண்டிய நட்டு ஓட ஓடக் கழலும். நடுநட்டு ஹப்பை வெளியிலிருந்து வாங்குபவர்கள், இரண்டும் ஒரே பக்கத்தவையாக இல்லாமல், இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

பிரேக்

முன்பிரேக் இல்லாமல் பிறந்த அச்சில் பிரேக் வைப்பது ஹப்பை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. பிரேக் பிடிக்கும்போது டிரம் தன்னோடு பின்தட்டையும் (பிரேக் பாகங்களைத் தாங்கும், சுழலாத தட்டு), பின்தட்டு முட்டியையும், முட்டி அச்சையும் சுழற்றப் பார்க்கும். அந்த முறுக்கைத் தாங்குவது அச்சைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் ஆரத் தண்டுகளும் ஸ்பிரிங்கும்தான். மாடல் டி காரின் முன்தண்டுகள் அந்த முறுக்கை எதிர்பார்த்து வடிக்கப்பட்டவை அல்ல. அச்சு முன்னோக்கி உருண்டால் காஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அந்தக் கணத்திலேயே மாறி, ஸ்டியரிங் கையை விட்டு இழுக்கும். ஆகவே தண்டுகளையும் அவற்றின் முனைகளையும் பலப்படுத்தாமல் டிரம்மை மட்டும் மாட்டுவதை நான் ஏற்பதில்லை. பின்தட்டின் மையத் துளை ஸ்பிண்டிலோடு ஒரே மையத்தில் அமர்ந்திருக்கிறதா என்பதை, ஹப்பில் டயல் கேஜைக் கட்டிச் சுழற்றிப் பார்த்து உறுதி செய்யலாம்.

ஸ்டியரிங் கணக்கு

கிங்பின்னின் கோட்டை நீட்டினால் தரையில் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் கூடக்கூட, ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் உதையாக வந்து சேரும். சக்கரம் 25 மி.மீ. வெளியே போனால் அந்தத் தூரமும் 25 மி.மீ. கூடும். சக்கரத்தின் ஆரம் 50 மி.மீ. குறைந்தாலும் அது கூடும். கிங்பின்னின் பக்கச் சாய்வும் கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) சேர்ந்து 9 பாகை இருந்தால் ஏறத்தாழ 8 மி.மீ. அளவுக்கு.

முன்சக்கரங்களை மட்டும் சிறிதாக்கினால் காரின் மூக்கு தாழ்ந்து காஸ்டரும் குறையும். 100 அங்குல சக்கர இடைத்தூரமுள்ள மாடல் டி காரில் முன்பக்கம் 2 அங்குலம் தாழ்ந்தால் 1 பாகைக்குச் சற்று மேல் இழப்பு. நேரே போகும் குணம் மங்குவதை ஓட்டுபவர் முதல் திருப்பத்திலேயே உணர்வார். அந்தக் காரின் வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்குவது என்பதால், சக்கர அளவை மாற்றினால் அதன் கணக்கும் பிசகும்.

இறுதிப் பொருத்தம்

பேரிங்கின் உருளைகளுக்கு இடையே கிரீஸைக் கைவிரலால் அழுத்தி, மறுபுறம் பிதுங்கி வரும் வரை நிரப்புங்கள். உள்பக்க எண்ணெய்த் தடுப்பு வளையம் ஸ்பிண்டிலின் எந்தப் பரப்பில் உரசி அமர்கிறது என்பதைக் கவனியுங்கள். வேறு காரின் ஹப்பில் இது பொருந்தாமல் போய், கிரீஸ் டிரம்முக்குள் இறங்கிப் பிரேக்கைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது.

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் அமரும். பிறகு தளர்த்தி, டயல் கேஜின் முள் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் காட்டும் நிலையில் நிறுத்தி, காட்டர் பின்னைச் செருகுங்கள். துளை நேராக வரவில்லை என்றால் இறுக்கிச் சேர்க்காமல், தளர்த்திச் சேர்க்க வேண்டும். ஆட்டம் மிகுந்துவிட்டால் வாஷரின் கனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி, டயர் ஆரத் தண்டையோ ஸ்பிரிங்கையோ மட்கார்டையோ தொடவில்லை என்பதைப் பாருங்கள். ஜாக்கில் தொங்கும் நிலையில் ஒருமுறையும், காரின் முழு எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். வேகமும் மிதமாகவே இருக்கட்டும். நின்றதும் இரண்டு ஹப்புகளின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இயல்பானது. கை வைக்க முடியாத சூடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. சக்கர நட்டுகளை அங்கேயே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். 50 கிலோமீட்டரில் மறுபடியும் இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் ஹப்பைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, படியின் முகத்தில் பேரிங் பதிந்த தடம் முழு வட்டமாக இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். வட்டம் அறுபடாமல், மூலை வளைவில் எந்தக் கோடும் இல்லாமல் இருந்தால், ஹப்பைத் திரும்ப ஏற்றிப் புதிய காட்டர் பின்னைப் போட்டு மூடிவிடலாம்.